அத்தியாயம் 7: பக்கம் உடைந்து தெரிந்தால்

இணையவழி விண்ணப்பம் ஒன்றை நிரப்பி முடித்துவிட்டீர்கள். ஆனால் "சமர்ப்பிக்க" என்ற பொத்தான் திரையில் எங்கும் இல்லை. அல்லது பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுப் பக்கத்தில் சுட்டெண் கேட்கும் கட்டம் இருக்கிறது, தட்டினால் எழுத்து தெரியவில்லை. அல்லது தமிழ்ப் பக்கம் முழுக்க யாருக்கும் வாசிக்கத் தெரியாத குறிகள். வீட்டுக்கு ஒரு போன், லயத்துக்கு ஒரு லேப்டொப் கூட இல்லாத இடங்களில் இப்படி நேர்ந்தால், திம்புள்ள பக்கத்துப் பிள்ளை ஒன்று ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. துணைக்குப் போகும் அம்மாவின் ஒரு நாள் பேரும் சம்பளமும் அதோடு போகிறது.

இந்தக் கோளாறுகளில் பல பிரவுசரிலோ திரையிலோ யாரோ மாற்றிவிட்டுப் போன ஓர் அமைப்பால் வருபவை. அந்த அமைப்பைக் கண்டுபிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். கீழே உள்ள வரிசையில் பாருங்கள். வரிசையைத் தாண்டி நேரே "எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோம்" என்று இறங்காதீர்கள். வேறொருவரின் கணினியில் அதைச் செய்தால், அவர் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் போய்விடும்.

## தொடங்குமுன்

1. நிரப்பிய படிவம் திரையில் இருந்தால் முதலில் அதைப் போனில் படம் பிடியுங்கள். பக்கத்தை மீண்டும் திறக்கும்போது நிரப்பியவை அழிந்துபோகலாம்.
2. மாற்றப்போகும் அமைப்பின் இப்போதைய நிலையைக் கொப்பியில் எழுதுங்கள். "ஸ்கேல் 150" என்று இரண்டு சொல் போதும்.
3. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் பக்கத்தைப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பாதுகாப்பு. இந்த அத்தியாயத்தில் திருகு கழற்ற வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தால், இடி தொடங்குமுன்பே கணினியை முறையாக அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். பழைய பெட்டி மொனிட்டராக இருந்தால் அதன் பின்மூடியை எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லக்கூடியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குளிரிலும் பனிப்புகையிலும் நனைந்து வந்த லேப்டொப்பை, அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள்.

## கோளாறு எங்கே இருக்கிறது?

மூன்று சோதனைகள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் எந்த அமைப்பிலும் கை வைக்காதீர்கள்.

1. அதே முகவரியை வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதேபோல் உடைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தில்தான். உங்கள் கணினியை விட்டுவிடுங்கள், சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.
2. அங்கே சரியாகத் தெரிந்தால், உங்கள் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் இன்கொக்னிட்டோ ஜன்னல் திறக்கும். (ஃபயர்ஃபொக்ஸில் என்னுக்குப் பதில் பி.) அதில் பக்கம் சரியாக வந்தால், பழைய கோப்புத் தேக்கமோ விளம்பரத் தடுப்பான் போன்ற இணைப்பு நிரல்களோதான் காரணம்.
3. அதிலும் உடைந்திருந்தால் வேறு பிரவுசரில் திறவுங்கள். அங்கே சரியென்றால் முதல் பிரவுசரின் அமைப்பில் பிழை. எல்லா பிரவுசரிலும் உடைந்திருந்தால் திரை அமைப்பைப் பாருங்கள்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நிறமில்லாமல், படமில்லாமல், நீல நிற இணைப்புகள் மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாக வந்தால், அமைப்பில் பிழை இல்லை. பக்கத்தின் எழுத்து வந்துவிட்டது, அலங்காரக் கோப்பு வருமுன் சிக்னல் விட்டுப்போய்விட்டது. பள்ளத்து லயங்களில் இது அடிக்கடி நடக்கும். சிக்னல் உள்ள இடத்துக்கு நகர்ந்து கொன்ட்ரோல், ஷிப்ட், ஆர் சேர்த்து அழுத்துங்கள். கோப்புகள் எல்லாம் புதிதாக இறங்கும். பெறுபேறு வெளியாகும் நாளில் மட்டும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். டேட்டா வீணாகும், நெரிசலும் கூடும்.

## பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது

அதிகமாக வரும் கோளாறு இதுதான். காரணம், ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு உருப்பெருக்கங்கள் சேர்ந்துவிடுவது.

விண்டோஸில் "ஸ்கேல்" என்று ஒன்று இருக்கிறது. திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கும். பிரவுசரில் "ஸூம்" என்று தனியாக இன்னொன்று. பக்கத்தை மட்டும் பெரிதாக்கும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். சாதாரண லேப்டொப் திரை 1366 புள்ளி அகலம், 768 புள்ளி உயரம். ஸ்கேல் 150 சதவீதம் வைத்தால் பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் 910 அகலம், 512 உயரம். அதன் மேல் ஸூம் 125 வைத்தால் அகலம் 730க்கும் குறைந்துவிடும், உயரம் 410 அளவுக்கு வந்துவிடும். அந்த உயரத்திலும் பிரவுசரின் மேல்பட்டைக்கு ஒரு பங்கு போகிறது. படிவத்துக்குள் திறக்கும் சிறு பெட்டியின் அடிப்பாகம் அப்புறம் எங்கே தெரியும்? அதில்தான் பொத்தான் இருக்கிறது.

1. கொன்ட்ரோலும் பூச்சியமும் சேர்த்து அழுத்துங்கள். ஸூம் 100க்குத் திரும்பும்.
2. பொத்தான் இன்னும் தெரியாவிட்டால் கொன்ட்ரோலும் கழித்தல் குறியும் ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். 67 அல்லது 50 வரை போகலாம். எழுத்து சிறுக்கும், ஆனால் பொத்தான் வந்துவிடும். அனுப்பிய பிறகு பழையபடி ஆக்குங்கள்.
3. எஃப்11 அழுத்தினால் மேல்பட்டை மறைந்து இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். திரும்பவும் எஃப்11 அழுத்தினால் வெளியே வரலாம்.
4. எல்லாத் தளங்களிலும் இதே தொல்லையென்றால், டெஸ்க்டொப்பின் வெற்றிடத்தில் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்" போங்கள். ஸ்கேலில் "ரெக்கமெண்டெட்" என்று எழுதியிருக்கும் எண்ணைத் தெரிவு செய்யுங்கள்.
5. எழுத்தை மட்டும் பெரிதாக்கும் தனி அமைப்பு ஒன்றும் உண்டு. விண்டோஸ் 11இல் "ஆக்சஸிபிலிட்டி"க்குள் "டெக்ஸ்ட் சைஸ்". அதுவும் 100இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிப்பு: பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் ஸூமைத் தனித்தனியே ஞாபகம் வைத்திருக்கும். ஒரு தளம் மட்டும் பெரிதாகவும் மற்றவை சரியாகவும் தெரிந்தால் முதல் படியோடு வேலை முடிந்துவிடும்.

கண் மங்கிய பெரியவர் ஒருவருக்காக யாரோ ஸ்கேலைக் கூட்டி வைத்திருக்கலாம். ஆகவே உங்கள் வேலை முடிந்ததும் கொப்பியில் எழுதிய எண்ணுக்கே திருப்பி வையுங்கள். கணினி உங்கள் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்றால் இது கட்டாயம்.

## திரையே கோணலாக இருந்தால்

எழுத்துகள் பக்கவாட்டில் தடித்து, வட்டம் முட்டையாகத் தெரிந்தால் ரெசலூஷன் தவறு. அகலத் திரைக்கு 1024க்கு 768 வைத்திருப்பார்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் "ரெக்கமெண்டெட்" என்று குறித்ததைத் தெரிவு செய்யுங்கள். மாற்றியதும் திரை கறுத்துப்போனால் பயப்படாதீர்கள், எந்தக் கீயையும் தொடாதீர்கள். 15 வினாடியில் விண்டோஸ் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். பிளக்கைப் பிடுங்குவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

பட்டியலில் சரியான அளவே இல்லையென்றால் திரையை இயக்கும் மென்பொருள் விடுபட்டிருக்கிறது. "டிவைஸ் மேனேஜர்" திறந்து, "டிஸ்ப்ளே அடெப்டர்ஸ்" என்பதன் கீழ் "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடெப்டர்" என்று இருந்தால் அதுதான் காரணம். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள்.

திரை தலைகீழாகிவிட்டால் அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் "ஓரியன்டேஷன்" என்பதை "லேண்ட்ஸ்கேப்" ஆக்குங்கள். பெரிய கண்ணாடி வைத்ததுபோல் திரை மௌஸோடு நகர்ந்தால் விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். நிறங்கள் கறுப்பும் பளிச்சென்ற மஞ்சளுமாக மாறியிருந்தால் இடப்பக்க ஓல்ட், இடப்பக்க ஷிப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் கீபோர்டில் விளையாடினால் வருபவை இவை.

## தமிழ் தமிழாகத் தெரியவில்லை

இங்கே அவசரப்பட்டு எழுத்துரு தேடி இறக்காதீர்கள். என்ன தெரிகிறது என்பதை உற்றுப் பாருங்கள். தோற்றத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். இது பாமினி. இலங்கையில் யூனிகோட் பரவுமுன் அச்சகங்களும் அலுவலகங்களும் பத்திரிகைகளும் நிறையப் பயன்படுத்திய எழுத்துரு. பரீட்சை வினாத்தாள் தட்டும் ஆசிரியர்கள் பலர் இன்றும் இதில்தான் தட்டுகிறார்கள். "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அந்த வரிசையைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

1. கணினியென்றால் தெரிந்த ஆசிரியரிடமோ அச்சகத்திலோ பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் வாங்குங்கள்.
2. கோப்பை இரண்டு தடவை அழுத்தி "இன்ஸ்டோல்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
3. பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள்.
4. போனென்றால், எழுத்தைப் பிரதி எடுத்துப் பாமினியை யூனிகோடாக மாற்றும் தளமொன்றில் ஒட்டுங்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு போன்றவை உள்ள ஆவணத்தை அப்படித் தெரியாத தளத்தில் ஒட்டாதீர்கள்.

இங்கே ஒரு பொதுவான தவறு. பாமினிப் பக்கம் ஒன்றை வாசிப்பதற்காக, குரோமின் "கஸ்டமைஸ் ஃபொன்ட்ஸ்" என்ற இடத்தில் பாமினியையே பொது எழுத்துருவாகச் சிலர் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஆங்கிலப் பக்கங்கள் சில அர்த்தமற்ற தமிழெழுத்துகளாகத் தெரியும். செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், கஸ்டமைஸ் ஃபொன்ட்ஸ் என்று போய், ஸ்டாண்டர்ட், செரிஃப் இரண்டுக்கும் டைம்ஸ் நியூ ரோமன், சான்ஸ் செரிஃபுக்கு ஏரியல் என்று வையுங்கள். அங்கேயே எழுத்தின் அளவு 16, குறைந்தபட்ச அளவு பூச்சியம். குறைந்தபட்ச அளவை யாராவது கூட்டியிருந்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

ஒரே இரண்டு குறிகள் மாறி மாறி வருவது. ஆங்கிலச் சிற்றெழுத்து ஏயின் தலையில் சாய்ந்த கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோட் தமிழ்தான். பிரவுசர் அதை வேறு குறிமுறையென்று எண்ணி வாசிக்கிறது. குரோமில் இதை மாற்றும் வசதி இப்போது இல்லை. ஃபயர்ஃபொக்ஸில் திறந்து, ஓல்ட் கீயை அழுத்தி, "வியூ" பட்டியலில் "ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

வெறும் சதுரப் பெட்டிகள். தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது. அதற்கு முந்தியவற்றில் லதா. தமிழ் சரியாகத் தெரிந்து, பட்டியல், தேடல் போன்ற சின்னங்கள் மட்டும் பெட்டியாக இருந்தால், ஃபயர்ஃபொக்ஸின் எழுத்துரு அமைப்பில் "பக்கங்கள் தமது எழுத்துருவைத் தெரிவு செய்யலாம்" என்ற பொருளுள்ள கட்டத்தில் சரி அடையாளம் விடுபட்டிருக்கும். போடுங்கள்.

பாதுகாப்பு. "எழுத்துரு இல்லை, இங்கே அழுத்தி இறக்குங்கள்" என்று பக்கத்துக்குள்ளிருந்தே பெட்டி எழும்பினால் அழுத்தாதீர்கள். 2017இல் குரோம் பயன்படுத்துவோரைக் குறிவைத்து இப்படியே செய்தார்கள். ஹோஃப்லர்டெக்ஸ்ட் என்ற எழுத்துரு இல்லையென்று சொல்லி, எழுத்துகளை வேண்டுமென்றே சிதைத்துக் காட்டி, தீங்கு நிரலை இறக்க வைத்தார்கள். எழுத்துருக் கோப்பின் பெயர் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது எழுத்துரு அல்ல.

## மொழி மாறிப்போனால்

பெறுபேற்றில் பிள்ளையின் பெயரே மாறித் தெரிகிறது என்று பதறி வருவார்கள். பெயருக்குள் இருக்கும் ஒரு சொல்லை குரோமின் தானியங்கி மொழிபெயர்ப்பு மாற்றியிருக்கும். முகவரிப் பட்டையில் உள்ள மொழிபெயர்ப்புச் சின்னத்தை அழுத்தி மூல மொழிக்குத் திரும்புங்கள். பிறகு அதே பெட்டியின் மூன்று புள்ளியில் "இந்தத் தளத்தை ஒருபோதும் மொழிபெயர்க்காதே" என்ற பொருளுள்ள வரியைத் தெரிவு செய்யுங்கள். படிவம் நிரப்புமுன்பும் மொழிபெயர்ப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, மத்திய கிழக்கிலிருந்து வீட்டுக்கு வந்த போன், லேப்டொப். நம் பக்கத்தில் இவை நிறைய. முதல் மொழி அரபாக இருந்தால் தளங்கள் அரபில் திறக்கும், எல்லாம் வலமிருந்து இடமாக அடுக்கப்பட்டிருக்கும், மூன்று புள்ளி இடப்பக்கம் போயிருக்கும். அரபு தெரியாமலே சரிசெய்யலாம்:

1. பல்சக்கரச் சின்னத்தைத் திறவுங்கள்.
2. கீழே போய் உலக உருண்டைச் சின்னத்தையோ, ஏ என்ற ஆங்கில எழுத்து உள்ள சின்னத்தையோ தேடுங்கள். பல போன்களில் அது "சிஸ்டம்" என்ற பகுதிக்குள் இருக்கும்.
3. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் எழுத்திலேயே இருக்கும். "தமிழ்" என்பதைச் சேர்த்து முதலிடத்துக்கு இழுங்கள்.
4. நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். சவூதி நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். விண்ணப்ப முடிவு நேரத்தை அதை வைத்துக் கணக்கிட்டால் பிந்திவிடும்.

## போனில் மட்டும் வருபவை

தட்டிய எழுத்து கட்டத்தில் தெரியாமல் இருப்பதற்கு டார்க் மோட் முதல் சந்தேக நபர். பின்னணி கறுப்பாகி எழுத்தும் கறுப்பாகவே நின்றுவிடுகிறது. போனிலும் பிரவுசரிலும் அதை நிறுத்திப் பாருங்கள்.

டேட்டா மிச்சப்படுத்த ஒபெரா மினி வைத்திருப்பவர்கள் பலர். அதன் கடுஞ்சேமிப்பு முறையில் பக்கம் ஒபெராவின் கணினியில் சுருக்கப்பட்டே உங்களுக்கு வருகிறது. செய்தி வாசிக்க நல்லது, விண்ணப்பத்துக்கு ஆகாது. பட்டியல்கள் திறக்காது, பொத்தான் வேலை செய்யாது. விண்ணப்பம் நிரப்பும்போது குரோமுக்கு மாறுங்கள்.

எழுத்துகள் ஒன்றோடொன்று மோதினால் போனின் ஃபொன்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் இரண்டையும் நடுவில் வையுங்கள். பொத்தான் தெரியாவிட்டால் போனைக் கிடையாகத் திருப்புங்கள். பிறகும் இல்லையென்றால் மூன்று புள்ளியில் "டெஸ்க்டொப் சைட்". அது ஏற்கெனவே சரி அடையாளத்தோடு இருந்து பக்கம் எறும்பளவில் தெரிந்தால், எடுத்துவிடுங்கள்.

## பழைய கணினி, பிழையான திகதி

பள்ளிக்கூடக் கணினி அறையில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஏறக்கூடிய கடைசி குரோம் 109ஆம் பதிப்பு, 2023இல் வந்தது. புதிய தளங்கள் சில அதில் உடையும். எந்த அமைப்பை மாற்றியும் பலன் இல்லை. ஃபயர்ஃபொக்ஸின் நீடித்த ஆதரவுப் பதிப்பு 115 அதில் ஓடும், முயன்று பாருங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மட்டும் திறக்காதீர்கள். அதற்கான ஆதரவை 2022 ஜூனில் மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது.

"இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு பல வருடம் பின்னால் போயிருக்கும். திகதியைச் சரிசெய்தால் எச்சரிக்கை போய்விடும். ஒவ்வொரு தடவையும் இப்படியானால் உள்ளே உள்ள காசு வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது, பெரும்பாலும் சிஆர்2032. மேசைக் கணினியென்றால் பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கமூடியைத் திறந்து மாற்றலாம். லேப்டொப்பைக் கடைக்குக் கொடுங்கள். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், கடவுச்சொல் தட்டாதீர்கள்.

## தேக்கத்தை அழித்தல்

இன்கொக்னிட்டோவில் சரியாக வந்த பக்கத்துக்கு மட்டும் இது. கொன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் அழுத்தி, "கேஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்" என்பதில் மட்டும் சரி அடையாளம் விடுங்கள். "பாஸ்வேர்ட்ஸ்" வரியில் அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டு அழியுங்கள். பிறகும் உடைந்திருந்தால் இணைப்பு நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

## அச்செடுக்கும்போது வலப்பக்கம் வெட்டுப்பட்டால்

1. கொன்ட்ரோலும் பியும் அழுத்துங்கள். முன்பார்வையில் வலப்பக்கம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.
2. "மோர் செட்டிங்ஸ்" திறந்து தாளை ஏ4 ஆக்குங்கள். பல கணினிகளில் "லெட்டர்" என்றிருக்கும்.
3. வெட்டுப்பட்டால் அங்குள்ள ஸ்கேலை 90, 80 என்று குறையுங்கள், அல்லது தாளைக் கிடையாக்குங்கள்.
4. கட்டங்களும் முத்திரையும் வெள்ளையாகப் போனால் "பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்" கட்டத்தில் அடையாளம் இடுங்கள்.
5. வீட்டில் பிரின்டர் இல்லையென்றால் "சேவ் ஏஸ் பிடிஎஃப்" தெரிவு செய்து கோப்பாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் தளத்தைத் திரும்பத் திறந்து இதே கோளாறுகளோடு போராட வேண்டியதில்லை.
6. கடைக் கணினியிலோ நெனசல நிலையத்திலோ அச்செடுத்தால், கோப்பை "டவுன்லோட்ஸ்" பெட்டியிலிருந்து அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், தளத்திலிருந்து வெளியேறுங்கள். வாட்ஸ்அப் வெப்பில் அனுப்பியிருந்தால், எழுந்து வருமுன் உங்கள் போனிலேயே "லிங்க்ட் டிவைசஸ்" திறந்து அந்தக் கணினியை நீக்குங்கள்.